நம்ம வீட்டுப் பிள்ளைக்கு டோக்கன் எதுக்கு

இளையோர் அறை என்று பெயர் வைத்தார்களே தவிர, அதை அறை என்று சொல்ல வாய் கூசும். ஸ்டோர் ரூமைப் பிளைவுட் வைத்து இரண்டாகத் தடுத்து, ஒரு பாதியில் கால் உடைந்த சக்கர நாற்காலிகளையும் மறுபாதியில் சிஸ்டரையும் போட்டிருந்தார்கள். தடுப்பு கூரை வரைக்கும் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, இருப்பது ஒரே மின்விசிறி, காற்று இரண்டு பக்கமும் போக வேண்டாமா என்றார் ஆஸ்பத்திரி மேலாளர். காற்று போகிற வழியில் பேச்சும் போகுமே என்பது அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. கதவில் மட்டும் அழகாக ஒரு பலகை, 'இங்கே பேசுவது இங்கேயே இருக்கும்' என்று. அதைப் படிக்கும்போதெல்லாம் சிஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பதின்வயதுப் பிள்ளைகள் பெற்றோர் துணையில்லாமல் வந்து மனம்விட்டுப் பேசட்டும் என்பதற்காக வந்த திட்டம் அது. அதற்கென்று பயிற்சிக்குப் போய்வந்தவள் அவள் ஒருத்திதான். வந்ததும் எல்லாருக்கும் படித்துப் படித்துச் சொன்னாள். பிள்ளைகளின் பெயரைச் சத்தம் போட்டுக் கூப்பிடாதீர்கள், எதற்கு வந்தாய் என்று கவுன்டரில் வைத்துக் கேட்காதீர்கள், டோக்கன் எண்ணை மட்டும் சொல்லுங்கள் என்றாள். எல்லாரும் பூம்பூம் மாடு மாதிரித் தலையை ஆட்டினார்கள். மறுநாளே கவுன்டர் அக்கா அத்தனை கூட்டத்துக்கு நடுவில், "தம்பி, அந்த அரிப்பு இப்ப எப்படி இருக்கு?" என்று ஒரு பையனை அன்பாக விசாரித்தாள். அந்தப் பையன் அதற்கப்புறம் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

கவுன்டர் அக்கா கெட்டவள் இல்லை, அதுதான் பெரிய தொல்லை. கெட்டவளாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அவளோ எல்லாருக்கும் ஓடி ஓடிச் செய்கிறவள். அதிலும் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் வந்துவிட்டால் போதும், அவளுக்குத் தலைகால் புரியாது. டோக்கன் கிடையாது, வரிசை கிடையாது, பின்வாசல் வழியாக நேரே உள்ளே. அவளை மட்டும் சொல்லிப் பயனில்லை, ஆஸ்பத்திரி முழுவதுக்குமே அப்படி ஒரு வழக்கம். நம்ம வீட்டுப் பிள்ளை என்று ஆகிவிட்டால் விதியெல்லாம் வெளியாட்களுக்குத்தான்.

அன்று மதியம் பெஞ்சின் கடைசியில், மற்ற பிள்ளைகளோடு பிள்ளையாக, டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பதினாறு வயது. முழுக்கைச் சட்டை. இடது கையை மடியில் போட்டு வலது கையால் மூடியிருந்தாள். ஆம்புலன்ஸ் டிரைவரின் மூத்த மகள் என்று சிஸ்டருக்குப் பார்த்ததுமே தெரிந்தது. இதற்கு முன் இரண்டு தடவை இதே கைக்கு வந்திருக்கிறாள். இரண்டு தடவையும் கவுன்டர் அக்கா இழுத்துக்கொண்டு வர, சிஸ்டர் வராந்தாவில் நிற்கவைத்தே கட்டுப் போட்டு, "பாத்து நட கண்ணு" என்று சொல்லி அனுப்பினாள். வெளியாள் வீட்டுப் பெண்ணாக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு நாலு கேள்வி கேட்டிருப்பாள்.

இந்தத் தடவை அந்தப் பெண் தானாகவே டோக்கன் வாங்கியிருந்தது சிஸ்டரின் மனதில் எங்கேயோ இடறியது. சிஸ்டர் எழுந்து போவதற்குள் கவுன்டர் அக்கா பார்த்துவிட்டாள்.

"அடியே, நீ ஏன் இங்க உக்காந்திருக்க? நம்ம வீட்டுப் பிள்ளைக்கு டோக்கன் எதுக்கு?"

"பரவால்ல அத்தை. வரிசையிலயே வரேன்."

"பெரிய மனுஷி. உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா என்னைத்தான் கேட்பாரு, என் பொண்ணை உக்கார வச்சுட்டியான்னு." டோக்கனைப் பிடுங்கிக்கொண்டு, தோளில் கைபோட்டு அவளை உள்ளே தள்ளிவிட்டுப் போனாள். தோளில் கை பட்டதும் அந்தப் பெண் உடம்பைக் குறுக்கிக்கொண்டதைச் சிஸ்டர் பார்த்தாள்.

கதவைச் சாத்தினாள். நாற்காலியைத் தடுப்பிலிருந்து தள்ளிப் போட்டாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பிறகு சொன்னால் ஏமாற்றியது போல ஆகிவிடும்.

"நீ இங்க சொல்றதை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அம்மா அப்பாகிட்டகூட. ஆனா உனக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா, உதவி பண்ணக்கூடியவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும். அப்பக்கூட உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்."

"அப்ப சொல்லிடுவீங்க."

"ஆபத்துன்னா மட்டும்."

"ஆபத்தில்லன்னா நான் எதுக்கு இங்க வரப்போறேன்?"

இந்த 'ஆனா' எத்தனை பிள்ளைகளை எழுந்து போக வைத்திருக்கிறது என்று சிஸ்டருக்குத்தான் தெரியும். அதைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகளுக்குத் துரோகம், சொன்னால் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. விதி எழுதினவர்கள் ஒருநாளாவது இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டாள்.

"சரி, கையைக் காட்டு" என்றாள்.

மணிக்கட்டு வீங்கியிருந்தது. விரல்களை மடக்கச் சொன்னாள். சுண்டுவிரல் மடங்கவில்லை. சட்டைக் கையை மெல்ல மேலே ஏற்றினாள். முழங்கைக்கு மேல் உள்பக்கம் வரிசையாக நாலு விரல் தடம், மஞ்சள் பாய்ந்து பழையதாக. அதற்குக் கீழே புதிதாகக் கருநீலம்.

"கதவுல இடிச்சுக்கிட்டேன்."

"கதவு இங்க இடிக்காதே கண்ணு."

அந்தப் பெண் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள். சிஸ்டர் மேலே எதுவும் கேட்கவில்லை. கேட்டால் ஓடிவிடுவாள் என்று நாக்கைக் கடித்துக்கொண்டு, கிரேப் பேண்டேஜைப் பிரித்து அவசரமில்லாமல் சுற்ற ஆரம்பித்தாள்.

"என் கை ஆறிடும் சிஸ்டர்" என்றாள் அவள் கடைசியில். "அதுக்காக வரல. எனக்குத் தங்கச்சி இருக்கா. பாப்பா. எட்டு வயசு. நேத்து அவளை..."

கதவு தட்டப்பட்டது. சிரித்த முகம் ஒன்று உள்ளே எட்டிப் பார்த்தது.

"என்ன சிஸ்டர், எங்க வீட்டு மகாராணிக்கு என்ன ஆச்சு? கவுன்டர் தங்கச்சி போன் பண்ணிச்சு, உன் பொண்ணு வந்திருக்கான்னு. போட்டது போட்டபடி ஓடி வரேன்."

டிரைவர்தான். ஆஸ்பத்திரியில் அவரைப் பிடிக்காதவர்கள் கிடையாது. நோயாளியை மாடியிலிருந்து தோளில் தூக்கி இறக்குவார். டாக்டரின் கார் மக்கர் பண்ணினால் அதற்கடியில் படுத்துக்கிடப்பவர் அவர்தான். சிஸ்டரின் வீட்டுக்கு அலமாரி வந்தபோதுகூட அவர்தான் ஒற்றை ஆளாக ஏற்றிக் கொடுத்தார். அந்தக் கைகளைச் சிஸ்டர் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தாள்.

அந்தப் பெண் ஒரு நொடியில் வேறு ஆளாகிவிட்டாள். "ஒண்ணுமில்லப்பா, சுளுக்கு" என்றாள் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பு அவருடைய சிரிப்பு மாதிரியே இருந்தது.

சிஸ்டர் எழுந்து போய்க் அவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் நின்றாள். "இந்த ரூமுக்குள்ள பெரியவங்க யாரும் வரக்கூடாது அண்ணே. உங்களுக்கே தெரியும்."

"அட, என்ன சிஸ்டர், நான் என்ன வெளியாளா?"

"வெளியாளுக்கும் உங்களுக்கும் ஒரே ரூல்தான்."

அவர் முகத்தில் சிரிப்பு மாறவில்லை, கண் மட்டும் மகளிடம் போய்வந்தது. "சரி சரி. நான் வெளியில உக்காந்திருக்கேன். சீக்கிரம் முடிங்க, ஸ்கூல் விடற நேரம், சின்னவளைக் கூப்பிடப் போகணும்." தடுப்புக்கு மேல்வழியாக, வெளியே பெஞ்சு கிறீச்சிடும் சத்தம் கேட்டது.

அவ்வளவுதான். அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். "நான் போறேன் சிஸ்டர். அப்பாவோடயே போயிடறேன்" என்று உதடு அசைவது மட்டும் தெரியப் பேசினாள். "நான் இல்லாம பாப்பா தனியா மாட்டிக்குவா. நான் ஏதாச்சும் சொல்லியிருப்பேன்னு நினைச்சு அவளைப் போட்டு..."

சிஸ்டருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவளை நிறுத்திவைத்தால் மட்டும் போதாது. இவளை இங்கே வைத்துக்கொண்டு அவரைப் பள்ளிக்கூட வாசலுக்கு அனுப்பினால், இவள் வாங்குவதை அந்தக் குட்டி வாங்கும். இரண்டு நிமிஷம் இரு, இரண்டே நிமிஷம் என்று கெஞ்சி அவளை உட்காரவைத்துவிட்டு வெளியே வந்தாள்.

கவுன்டரில் அக்கா எச்சில் தொட்டு டோக்கன் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களை யாரு அக்கா போன் பண்ணச் சொன்னது?"

"ஏன், பெத்த அப்பனுக்குச் சொன்னா என்ன தப்பு? என் பிள்ளை வந்தா நீ எனக்குச் சொல்ல மாட்டியா?"

"சொல்ல மாட்டேன்."

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. "நல்லதுக்குக் காலமே இல்ல" என்று முணுமுணுத்தாள். சிஸ்டருக்கு அங்கேயே சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மறைக்க வேண்டியதெல்லாம் இந்த இடத்தில் ஊர்வலம் போகிறது. சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் ஒரு மூலை கிடையாது.

நேரே டாக்டரிடம் போனாள். ஆஸ்பத்திரியில் கூரை வரைக்கும் சுவர் இருந்தது அவருடைய அறைக்கு மட்டும்தான். அவர் மென்மையானவர், யாரிடமும் முகம் சுளிக்காதவர். குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னாள். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு இப்போதே போன் பண்ண வேண்டும், உங்கள் அறை வேண்டும் என்றாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவசரப்படாதீங்க சிஸ்டர். போலீஸ், ஆபீஸ்னு போனா அந்தக் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துடும். நல்ல மனுஷன்தான், கொஞ்சம் முன்கோபம். நம்ம ஆளு. நான் கூப்பிட்டுப் பேசறேன்."

"பேசாதீங்க டாக்டர். அதை மட்டும் பண்ணாதீங்க."

"முதல்ல அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேப்போம்." அவர் எழுந்தே விட்டார். சிஸ்டருக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அவளை அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்திலிருந்து கிளப்பிக்கொண்டு வருவதற்கு இதைவிட நல்ல சாக்கு கிடையாது. "எலும்பு முறிவான்னு டாக்டர் பாக்கணும்னு சொல்றாரு" என்று டிரைவர் காதில் விழும்படி சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணை டாக்டரின் அறைக்குக் கூட்டிவந்து கதவைச் சாத்தினாள்.

டாக்டர் அவளை உட்காரச் சொன்னார். கையைப் பார்த்தார், விரல் தடங்களையும் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "பயப்படாதம்மா. இதைப் பெருசு பண்ண வேண்டாம். நான் அப்பாகிட்டப் பக்குவமாப் பேசறேன். நான் சொன்னா கேட்பாரு."

அந்தப் பெண் அவரையே பார்த்தாள். "ஏற்கெனவே பேசினீங்களே டாக்டர்."

"என்னம்மா?"

"அம்மா உங்ககிட்ட வந்து சொன்னாங்க. அப்ப நான் சின்னப் பொண்ணு, அம்மா கூட இதே ரூம்லதான் நின்னுட்டிருந்தேன். யாருக்கும் தெரிய வேணாம் டாக்டர், வழி மட்டும் சொல்லுங்கன்னு அழுதாங்க. நீங்க அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினீங்க. அன்னைக்கு ராத்திரிதான் அம்மாவுக்கு முன்பல்லு போச்சு. பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டதா அப்பாவே இங்க கூட்டிட்டு வந்தாரு. வரிசையில நிக்க விடாம உடனே பாத்தாங்க."

டாக்டரின் கையில் இருந்த கண்ணாடி மேஜைமேல் இறங்கியது. சிஸ்டர் அவர் முகத்தைப் பார்க்கவே விரும்பவில்லை. திட்டுவதற்கு அவளிடம் ஏராளம் இருந்தது, ஆனால் அதற்கு நேரமில்லை. ரிசீவரை எடுத்துக்கொண்டாள்.

"நான் என்ன செய்யட்டும் சிஸ்டர்?" என்றார் டாக்டர், ரொம்பச் சின்னக் குரலில்.

"அவரு ஸ்கூலுக்குக் கிளம்பாமப் பாத்துக்கோங்க. ஒரு கேஸ் வருது, வண்டியை விட்டு நகரக்கூடாதுன்னு டியூட்டியில நிறுத்துங்க. வேற ஒரு வார்த்தை பேசாதீங்க."

"பொய் சொல்லணுமா?"

"இல்ல டாக்டர். இதுக்குப் பேருதான் ரகசியம் காக்கறது."

அவர் தலையைக் குனிந்தபடி வெளியே போனார்.

சிஸ்டர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினாள். "நான் இப்ப போன் பண்ணப் போறேன். உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்னு சொன்னேன்ல. உனக்குப் பிடிக்கலன்னாலும் நான் பண்ணித்தான் ஆகணும். பாப்பாவுக்காகவும்தான். நீ பக்கத்துலயே இரு, நான் பேசறதைக் கேளு." அவள் நாற்காலியை மேஜைக்குக் கிட்டே நகர்த்திக்கொண்டாள்.

போனில் முதலில் ஒரு ஆள் வந்தார். மேடம் மீட்டிங்கில் இருக்கிறார், விவரத்தை எழுத்தில் அனுப்புங்கள் என்றார். "பிள்ளை என் பக்கத்துல உக்காந்திருக்கா. எழுத்து போய்ச் சேர்ற வரைக்கும் இவளை எந்த அலமாரியில பூட்டி வைக்கட்டும்?" என்று சிஸ்டர் கேட்ட கேட்பில் மேடம் மீட்டிங்கிலிருந்து எழுந்து வந்தார்.

அதிகாரி நிதானமானவர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "எங்க வண்டி ரெண்டும் வெளிய போயிருக்கு. உங்க ஆம்புலன்ஸ்ல பிள்ளையை அனுப்பிவிடுங்களேன்" என்றார்.

"மேடம், ஆம்புலன்ஸ் ஓட்டறதே அவருதான்."

"சரி, நானே ஆட்டோ பிடிச்சு வரேன். அடிபட்டது எப்படின்னு சொல்லுங்க, குறிச்சுக்கறேன்."

"வீட்டுல ஏதோ சண்டை மேடம். அப்பா கோபத்துல கையைப் பிடிச்சு இழுத்திருக்காரு, அதுல..."

"கோபத்துல இல்ல" என்றாள் அந்தப் பெண்.

சிஸ்டர் திரும்பிப் பார்த்தாள்.

"இழுக்கவும் இல்ல. நிதானமா முறுக்கினாரு." அவள் கட்டுப்போடாத கையை நீட்டினாள். "கொடுங்க. நானே சொல்றேன்."

கொடுக்கலாமா கூடாதா என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை. சிஸ்டர் ரிசீவரைக் கொடுத்துவிட்டு, பின்னால் நின்று காதைக் கிட்டத்தில் வைத்துக்கொண்டாள்.

"மேடம், அம்மாவை அடிக்கும்போதெல்லாம் நான்தான் நடுவுல போவேன். நேத்து என் கையை முறுக்கிட்டிருக்கும்போது பாப்பா நடுவுல வந்துட்டா. அக்காவை விடுப்பான்னு காலைக் கட்டிக்கிட்டா. அவளைத் தூக்கிச் சுவத்துல போட்டாரு." குரல் உடையவில்லை. "இனிமே அவ வருவா மேடம். ஒரு தடவை வந்துட்டால்ல, இனிமே எப்பவும் நடுவுல வருவா."

சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதிகாரியின் குரல் இரண்டு பேருக்கும் கேட்டது. "பயப்படாதம்மா. யாரு சொன்னதுன்னு வெளிய தெரியாம நாங்க பாத்துக்குவோம். உன் பேரு எங்கயும் வராது."

"வேணாம் மேடம். என் பேரு போட்டே எழுதுங்க. அம்மா சொன்னதை யாரும் எழுதல, அதனால அம்மா சொல்லவே இல்லன்னு ஆயிடுச்சு." அவள் ரிசீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஆனா நீங்க இங்க வர வேணாம். நான் சிஸ்டரோட இருந்துக்குவேன். முதல்ல ஸ்கூலுக்குப் போங்க. இன்னைக்கு அப்பா வர மாட்டாருன்னு பாப்பாவுக்குத் தெரியாது, அவரு வந்து கூப்பிடற வரைக்கும் வாசலை விட்டு நகர மாட்டா."